கைட்சர்ஃபிங் கற்க பாம்பனா, கற்பிட்டியா?

கைட்சர்ஃபிங், அதாவது காற்றில் பறக்கும் பெரிய துணிக் கைட் இழுக்க, போர்டு என்னும் பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்குவது, அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பும் நம் ஊர்க்காரர்கள் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம். இன்னொன்று இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் மாவட்டத்தில் இருக்கும் கற்பிட்டி. இரண்டுமே மன்னார் வளைகுடாவைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒதுக்குப்புறமான மணல் நிலங்கள். இரண்டிலும் ஒரே நாளில், சில கிலோமீட்டர் இடைவெளியில், சலனமில்லாத தண்ணீரையும் பார்க்கலாம், மடங்கி விழும் அலையையும் பார்க்கலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. எந்த மாதம் போகிறீர்கள், இதற்கு முன்னால் கைட் பிடித்திருக்கிறீர்களா, இந்த இரண்டும் தெரிந்தால் போதும், இடம் முடிவாகிவிடும்.

முதலில் மாதம். இந்தக் கடலுக்கு வருஷத்தில் இரண்டு காற்று. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். அது கொஞ்சம் தெற்கே ஒதுங்கி வந்தால் சோழகம் என்பார்கள். டிசம்பர் பாதிக்கு மேல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வாடை. நடுவில் ஏப்ரலும் அக்டோபரும் காற்று திரும்புகிற காலம். அப்போது போனால் பாதி நாள் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டியதுதான். அக்டோபர், நவம்பரில் மழையும் புயலும் சேர்ந்துகொள்ளும். டிசம்பரையும் முழுசாக நம்ப முடியாது. தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் கரையேறியது டிசம்பர் 22 நள்ளிரவையொட்டித்தான். அதனால் வாடைக் காலத்துப் பயணத்தை ஜனவரியில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தண்ணீர். படங்களைப் பார்த்து இடம் முடிவு செய்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு அலையில்லாத தண்ணீர் வேண்டும் என்பது சரி. ஆனால் திறந்த கடற்கரையில் தண்ணீர் ஏன் அலையில்லாமல் இருக்கிறது? பெரும்பாலும் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான். காற்று தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடினால்தான் அலை எழும்பும். கரையைத் தாண்டி அப்போதுதான் தண்ணீருக்குள் இறங்கும் காற்றுக்கு அலை எழுப்ப நேரமில்லை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் காற்றில் கைட் விழுந்தால், பார் (கைட்டைத் திருப்பும் கைப்பிடிக் கம்பு) கையை விட்டுப் போனால், அடித்துச் செல்லும் திசை நடுக்கடல்.

முதல் சில நாட்களில் கற்பவர் எவராலும் காற்றை எதிர்த்து ஏற முடியாது. கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வர முடிவதே ஒரு பெரிய கட்டம், பலருக்கு அதுதான் மிகக் கடினமான கட்டம். அதுவரை காற்று தள்ளுகிற பக்கமாகப் போய்க்கொண்டேதான் இருப்போம். ஆகவே தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, நம்மைத் தள்ளிக்கொண்டு போகும் காற்று எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது. கரையிலா, ஆழத்திலா? இதை வைத்துத்தான் நான் இந்த இரண்டு இடங்களையும் எடை போடுகிறேன்.

பாம்பன் தீவின் அமைப்பு இதற்கென்றே செய்தது. தீவின் வால் தென்கிழக்கே தனுஷ்கோடி வரை ஒடுங்கி நீள்கிறது. தென்மேற்குப் பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஆயிரம் மீட்டரைத் தாண்டும் ஆழமுள்ள கடல். வடகிழக்குப் பக்கம் பாக் ஜலசந்தி, பெரும்பாலும் 13 மீட்டருக்குள் முடிந்துவிடும் ஆழமற்ற கடல். வளைகுடாவை ஆண்கடல் என்றும் ஜலசந்தியைப் பெண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் திறந்த சாலையில் போனால் இரண்டு கடலும் இரண்டு பக்கமும் தெரியும். கச்சான் வீசும்போது வலப்பக்கம் நுரை, இடப்பக்கம் அமைதி. வாடையில் அப்படியே தலைகீழ்: பெண்கடல் குமுறும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும்.

கைட்காரருக்கு இதில் ஒரு வரமும் ஒரு கண்ணியும் உண்டு. வரம் என்னவென்றால், எந்தக் காற்று வீசினாலும் கரையை நோக்கி வீசும் ஒரு பக்கமும் அமைதியான ஒரு பக்கமும் பக்கத்திலேயே கிடைக்கும். கண்ணி என்னவென்றால், அமைதியான பக்கம் எப்போதும் காற்று கடலுக்குள் தள்ளுகிற பக்கமாகவே இருக்கும். கச்சான் காலத்தில் ஜலசந்திப் பக்கத்தின் மொழுமொழுப்பான தண்ணீரில் இறங்கும் புதியவருக்குப் பின்னால் கட்டாயம் ஒரு மீட்புப் படகு வேண்டும். ஜலசந்தி ஆழம் குறைவுதான், கரையோரம் நெடுந்தூரம் நின்று நடக்கலாம், அது பெரிய ஆறுதல். ஆனாலும் படகு இல்லாத இடத்தில் நான் யாரையும் இறக்க மாட்டேன்.

வாடைக் காலத்து ஜலசந்திப் பக்கம் வேறு மாதிரி. காற்று கரைக்கே தள்ளும். ஆழம் குறைவாதலால் அலைகள் குட்டையாக, அடுத்தடுத்து, கொஞ்சம் எரிச்சலூட்டுகிற மாதிரி வரும். போர்டைக் காலில் மாட்டுவதற்குள் இரண்டு அலை முகத்தில் அடித்துவிடும். படம் எடுத்தால் பிரமாதமாக இருக்காது. ஆனால் தவறு செய்தால் இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, கைட்டை இறக்கி, கரையேறி நடந்து திரும்பலாம். காற்றும் அளவானது, பல நாட்களில் 12 முதல் 18 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர் வேகம்). முதல் முறை கைட் பிடிப்பவருக்கு இதைவிட நல்ல சூழல் நம் பக்கத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். பலர் இதை அலை இருக்கிறது என்று சொல்லி ஒதுக்கிவிட்டு அமைதியான பக்கத்தைத் தேடிப் போவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இப்போது கற்பிட்டி. கற்பிட்டி முனை புத்தளம் களப்பு எனப்படும் காயலையும் வெளிக்கடலையும் பிரித்துக்கொண்டு வடக்கே நீள்கிறது. கைட்காரர்கள் கூடும் சிறிய களப்புக்கும் கடலுக்கும் இடையே மெல்லிய மணல்திட்டு மட்டும்தான். கச்சான் கடல்மேல் தடையில்லாமல் ஓடி வந்து, அந்தத் திட்டைத் தாண்டி, களப்புக்குள் இறங்குகிறது. மரமோ கட்டடமோ குறுக்கே இல்லாததால் காற்று சிதறுவதில்லை. அலையைத் திட்டு நிறுத்திவிடுகிறது. அமைதியான தண்ணீர் வேண்டுமென்றால் ஆபத்தான காற்றுத் திசையைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று சற்று முன் சொன்ன சிக்கல் இங்கே பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகிறது. தள்ளிக்கொண்டு போனாலும் திறந்த கடலுக்குப் போவதில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் இங்கே வந்து கற்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் புகழ் நியாயமானதே.

ஆனால் கற்பிட்டியின் பலமே புதியவருக்குச் சிரமமாகவும் ஆகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே காற்று நாள் தவறாமல் அடிக்கும், 20 நாட்டுக்கு மேல் போவது சாதாரணம். காற்றின் இழுவை வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, வேகத்தின் இருமடியில் கூடுகிறது. 12 நாட் 24 ஆனால் அதே கைட் நான்கு மடங்கு இழுக்கும். அதனால் சிறிய கைட் எடுத்துக்கொள்வார்கள். 12 நாட்டில் 12 சதுர மீட்டர் பிடித்தவர் 24 நாட்டில் 7 அல்லது 6-க்குப் போக வேண்டியிருக்கும். இழுவை ஓரளவு அடங்கிவிடும், சரி. ஆனால் சிறிய கைட் சட்டென்று திரும்பும். பாரைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் பெரிய கைட் மெதுவாக நகர்ந்து யோசிக்க நேரம் கொடுக்கும். சிறியது அதற்குள் இழுவை மண்டலத்தில், அதாவது காற்று முழுப் பலத்தோடு இழுக்கும் பகுதியில், பாய்ந்து ஆளைத் தூக்கி முன்னால் எறியும். பயந்த கை பாரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பாரை விட்டால் கைட் அடங்கிவிடும் என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரிய நாளாகும். எடை குறைந்தவர்களும் தண்ணீர் பயம் உள்ளவர்களும் ஜூலையில் இங்கே முதல் பாடம் எடுத்தால் இரண்டாம் நாளே களைத்துப்போவார்கள். அப்படிப்பட்டவர்கள் காற்று இளகியிருக்கும் நேரத்தில் வகுப்பு கேட்டு வாங்க வேண்டும். மற்றபடி உடம்பில் தெம்பும் கொஞ்சம் பிடிவாதமும் உள்ளவருக்கு, ஒரு நாளும் வீணாகாத கற்பிட்டி வேகமாகக் கற்றுத்தரும்.

இன்னொரு விஷயம் நெரிசல். ஜூலை, ஆகஸ்டில் களப்பில் கைட்டுகள் மொய்க்கும். ஒவ்வொன்றிலும் கைட்டையும் பாரையும் இணைக்கும், 20 மீட்டருக்கு மேல் நீளமான லைன்கள் என்னும் கயிறுகள். கற்பவர் ஒருவர் விழுந்தால் பக்கத்தில் வருகிறவரின் லைனில் சிக்குவது எளிது. பாம்பன் பக்கம் இந்தத் தொல்லை அறவே குறைவு. ஒரு நீண்ட கரையில் விரல்விட்டு எண்ணக்கூடிய கைட்டுகள்தான் இருக்கும். கற்கும்போது சுற்றிலும் காலியாக இருக்கும் தண்ணீர் எவ்வளவு பெரிய சொத்து என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. கற்பிட்டி செல்வதானால் மே கடைசி, ஜூன், அல்லது செப்டம்பர் தொடக்கம் என்று ஓரங்களில் போவது என் யோசனை.

கற்பிட்டிக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை இரண்டாவது பருவம் உண்டு. காற்று இளசு, கச்சானின் உறுதி அதற்கில்லை. அந்த மாதங்களில் அங்கே கடல் அமைதியாகி டால்பின் பார்க்கும் படகுகள் கிளம்பிவிடும். குடும்பத்தோடு போய் நடுவில் கொஞ்சம் கைட்டும் பழகலாம் என்பவருக்கு அது நல்ல காலம். கைட்டுக்கென்றே பணம் செலவழித்து விமானம் ஏறுகிறவருக்கு அல்ல. அந்த மாதங்களில் பாம்பனே முந்தும்.

காலடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஆழம் குறைந்த தண்ணீர் பாதுகாப்பு என்று சொன்னேன். ஆனால் முழங்காலுக்கும் கீழே போய்விட்டால் அது வேறு ஆபத்து, வேகமாக விழுந்தால் தரையில் விழுந்த மாதிரிதான். இடுப்பளவு சரி. இரண்டு இடத்திலும் அடியில் உடைந்த சிப்பி உண்டு, திருக்கை உண்டு. காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலை உரசிக்கொண்டே நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். ரப்பர் காலணி போட்டுக்கொள்வது நல்லது.

பாம்பன், மண்டபம் பக்கம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பாசித் தெப்பங்கள். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, அதில் கயிறு ஓட்டி, ஜலசந்தியின் ஓரத்தில் கடல்பாசி வளர்க்கிறார்கள். பல குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது வருமானம். கைட்டும் லைனும் அதில் விழுந்தால் நமக்குக் காயம், அவர்களுக்கு நஷ்டம். வலை கட்டிய கம்புகளும் மிதவைகளும் அப்படித்தான். இறங்குவதற்கு முன் கரையில் இருக்கும் மீனவரிடம் எங்கே வலை கிடக்கிறது, எங்கே தெப்பம் இருக்கிறது, நீரோட்டம் எப்படி என்று கேட்டுவிட வேண்டும். அவர் காட்டுகிற இடத்தில் இறங்குவதும், வலை காயும் இடத்தில் கைட்டை விரிக்காமல் இருப்பதும் குறைந்தபட்ச மரியாதை. அது அவர்களுடைய பணியிடம்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தூரத்தில் தெரியும் தீவின் மறைவில் தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே போகக் கூடாது. தனுஷ்கோடியில் பூநாரைகள் இறங்கும் பகுதியை 2025-இல் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்திருக்கிறது. வானத்தில் அசையும் பெரிய துணி பறவைகளுக்கு வேட்டைப் பறவையின் உருவம். ஒரு கைட் போதும், கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையை நம் பொழுதுபோக்குக்காகக் கிளப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. அரிச்சல்முனையின் நுனியையும் விட்டுவிடுங்கள். இரண்டு கடலும் மோதும் இடத்தில் இழுப்பு கடுமையானது.

கற்று முடித்த பிறகு, காற்றை எதிர்த்து ஏறத் தெரிந்த பிறகு, கணக்கு மாறும். கச்சான் காலத்து வளைகுடாப் பக்கம் அப்போதுதான் திறக்கிறது. நேரே கரைக்கு அடிக்கும் காற்றில் கைட்டை எழுப்பி, கரையில் உடையும் அலையைத் தாண்டி வெளியே போவது தொடக்கநிலை ஆளுக்கு நடக்காத காரியம், ஓரளவு தெரிந்தவருக்குச் சிறந்த பயிற்சி. கற்பிட்டியிலோ திட்டின் இந்தப் பக்கம் களப்பில் பழகிவிட்டு, அந்தப் பக்கம் நடந்து போய் அலையில் இறங்கலாம். நடக்கும் தூரத்தில் இரண்டு வகைத் தண்ணீர் என்பது பயிற்சிக்குப் பெரிய வசதி. படகில் வடக்கே போனால் மனித நடமாட்டம் குறைந்த மணல் தீவுகளின் மறைவில் சலனமே இல்லாத தண்ணீர் கிடைக்கும். துள்ளிப் பழகுகிறவர்கள் அதற்காகவே போகிறார்கள். அந்தத் திட்டுகளிலும் வாடி என்னும் தற்காலிகக் குடில் போட்டுத் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மன்னார் தீவு மூன்றாவது பெயராக அடிக்கடி வரும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒடுங்கும் கடலில் காற்று கூடுதல் வேகம் பெறுகிறது. இலங்கை மின்சார சபை 2020-இல் அங்கே 30 காற்றாலைகளை நிறுத்தியதே அதற்குச் சாட்சி. தலைமன்னாருக்கு அப்பால் மணல் திட்டுகள் நீளும் பகுதி மிக அழகானது. ஆனால் அந்தத் திட்டுகள் 2015 முதல் தேசியப் பூங்கா, பக்கத்திலேயே கடல் எல்லை, கற்பிட்டி அளவுக்கு ஆட்களோ உதவியோ இல்லை. தானாகவே தன்னை மீட்டுக்கொள்ளத் தெரிந்தவர் மட்டும் போகலாம். கற்பதற்கு மன்னாரை நான் சொல்ல மாட்டேன்.

செலவில் பாம்பன்தான் மலிவு, அதில் சந்தேகம் இல்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மறுபடி நேரடி ரயில் ஓடுகிறது. சென்னையில் இரவு ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். வார இறுதியை ஒட்டி இரண்டு நாள் லீவு போட்டுப் போகலாம், காற்று வராவிட்டால் திரும்பி வந்து அடுத்த மாதம் போகலாம். இந்த வசதி பெரியது. ஏனென்றால் கைட் பழகுவது ஒரே மூச்சில் முடிகிற காரியம் இல்லை. தொடக்கப் பயிற்சி பொதுவாக 9 முதல் 12 மணி நேரம், அதற்கு அப்புறம் தனியாக விழுந்து எழும் நாட்கள் வேறு. கற்பிட்டிக்குக் கொழும்பு வரை விமானம், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் சாலையில் போய், பாலாவியில் இடப்பக்கம் திரும்பிக் கற்பிட்டிச் சாலை. காரில் மூன்று மணி நேரம் போல ஆகும். போனால் குறைந்தது ஒரு வாரமாவது தங்க வேண்டும். கற்பிட்டியில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, வழி கேட்கவோ சாப்பாடு கேட்கவோ திண்டாட வேண்டியதில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் கைட்டைத் தொட்டதில்லை, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நேரம் இருக்கிறது என்றால் பாம்பன், ஜலசந்திப் பக்கம். ஜூன் முதல் செப்டம்பருக்குள் மட்டும்தான் விடுப்பு, ஒரு வாரம் இருக்கிறது, பணம் ஏற்பாடு ஆகும் என்றால் கற்பிட்டிக் களப்பு. அதே மாதங்கள்தான், ஆனால் பணம் இடிக்கிறது என்றால் பாம்பனுக்கே போகலாம், படகுள்ள பள்ளியாகப் பார்த்து. வாடையில் பாம்பனில் தொடங்கி, கைட்டைக் கட்டுப்படுத்தவும் போர்டில் எழவும் கற்றுக்கொண்டு, அதே வருஷம் ஜூனில் கற்பிட்டிக்குப் போகிறவருக்குப் பலன் அதிகம். கை பழகியிருப்பதால் பலத்த காற்று அவரை மிரட்டாது. நான்கு நாளில் காற்றை எதிர்த்து ஏறப் பழகிவிடுவார். இரண்டையும் போட்டியாக வைக்காமல் அடுத்தடுத்த வகுப்புகளாக வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளை நேராகக் கேட்டுவிடுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? இரண்டுக்கு மேல் என்றால் வேண்டாம். ஆசிரியருக்குச் சர்வதேசச் சான்றிதழ் இருக்கிறதா? தலைக்கவசமும் மிதவை உடுப்பும் கொடுப்பார்களா? கைட்டை உடனே கழற்றிவிடும் பிடியைத் தண்ணீரில் இறங்கும் முன் கரையிலேயே பலமுறை இழுத்துப் பழக விடுவார்களா? என் எடைக்கு இன்றைய காற்றில் எந்த அளவு கைட் தருவீர்கள் என்று கேட்டால் உடனே காரணத்தோடு பதில் வருகிறதா? கடைசியாக, காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் நாளில் மீட்புப் படகு எங்கே இருக்கும் என்று கேளுங்கள். இஞ்சின் ஓட, ஆளோடு, தண்ணீரில் இருக்கும் என்றால் பணம் கட்டலாம். தேவைப்பட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பள்ளியைத் தேடுங்கள்.